ஒரே கோப்பில் முழுக் கணினி

உப்புவெளியில் நாங்கள் நடத்தும் ரியூஷன் வகுப்பில் நாலு பழைய கணினிகள் இருக்கின்றன. முன்பு ஒன்று பழுதானால் தமிழ் எழுத்துரு, பிரிண்டர், மென்பொருள் எல்லாவற்றையும் திரும்பப் போட்டு முடிக்க ஒரு நாள் போய்விடும். நிக்ஸ்ஓஎஸ் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறிய பிறகு அந்தப் பாடு இல்லை.

இதில் வேண்டியதையெல்லாம் 'கான்பிகரேஷன்.நிக்ஸ்' என்ற கோப்பில் எழுதிவிட வேண்டும்: நேர வலயம் கொழும்பு, எழுத்துரு நோட்டோ, மென்பொருள் லிப்ரே ஆபிஸ், இப்படி. பிறகு 'நிக்ஸ்ஓஎஸ்-ரீபில்ட் சுவிட்ச்' என்று, நிர்வாகி அனுமதி தரும் 'சுடோ'வை முன்னால் போட்டு ஒரு கட்டளை. எழுதியபடியே கணினி அமைந்துவிடும். பயமாக இருந்தால் 'சுவிட்ச்' என்ற இடத்தில் 'டெஸ்ட்' என்று போட்டுப் பாருங்கள். சரிவராவிட்டால் ரீஸ்டார்ட் செய்தால் போதும், பழையபடி வந்துவிடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறு. 'சுவிட்ச்' செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் முந்தைய நிலை, கணினி தொடங்கும்போது வரும் பூட் மெனுவில் அப்படியே இருக்கும். ஒருநாள் 'சுவிட்ச்' ஓடிக்கொண்டிருக்கும்போது பாதியில் கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்ததும் பழைய நிலையிலேயே கணினி திறந்தது. பிள்ளைகளின் வகுப்பு நிற்கவில்லை.

அந்தக் கோப்பைப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கணினிக்கும் அதுவே உதவும். ஆனால் 'ஹார்ட்வேர்-கான்பிகரேஷன்.நிக்ஸ்' கோப்பைப் பிரதி எடுக்கவேண்டாம். அது அந்தந்தக் கணினியின் டிஸ்க் விவரம். நிறுவும்போது 'நிக்ஸ்ஓஎஸ்-ஜெனரேட்-கான்பிக்' கட்டளை தானே உருவாக்கித் தரும். முதலில் நிறுவிய பதிப்பைக் குறிக்கும் 'ஸ்டேட்வெர்ஷன்' என்ற வரியையும், புதிய பதிப்புக்கு மாறும்போதுகூட, தொடாமல் விடுங்கள்.