வீட்டில் வேலையைத் தொடங்குவது எளிது, முடிப்பதுதான் கடினம்

வீட்டிலிருந்து வேலை பார்க்கப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே பயம்தான்: சோம்பேறி ஆகிவிடுவோமோ? சிட்ரிப் என்ற சீனப் பயண நிறுவனம் 2010 இறுதியில் தன் கால் சென்டர் ஊழியர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தது. விருப்பம் தெரிவித்தவர்களில், பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்கள் ஒன்பது மாதம் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். செயல்திறன் 13 சதவீதம் கூடியது. அதில் 9 சதவீதம், இடைவேளையும் உடம்பு சரியில்லாத விடுப்பும் குறைந்து ஷிப்டில் கூடுதல் நிமிடங்கள் உழைத்ததால் வந்தது.

நிர்வாகத்துக்கு அது லாபக் கணக்கு. உழைப்பவருக்கு அது எச்சரிக்கை. எழுந்து நடக்க வைப்பது, நாலு பேரோடு பேச வைப்பது, மாலையானதும் கிளம்ப வைப்பது என்று பலவற்றை அலுவலகம் சத்தமில்லாமல் நமக்காகச் செய்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பொறுப்பெல்லாம் நம் தலையில் விழுகிறது. விழுந்ததே பலருக்குத் தெரிவதில்லை.

முதலில் பறிபோவது பயண நேரம். மிச்சமான நேரத்தை நமக்கென்று வைத்துக்கொள்ளாமல் அப்படியே வேலைக்குக் கொடுத்துவிடுகிறோம். கண் விழித்ததும் படுக்கையிலேயே மெயில் பார்ப்பதில் ஆரம்பிக்கிறது இது. போக்குவரத்து நெரிசலை யாரும் ரசித்ததில்லைதான். ஆனாலும் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த ஒரே சுவர் அதுதான். லேப்டாப்பைத் திறக்கும் முன் கால் மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். காலை வெளிச்சம் உடலின் கடிகாரத்தைச் சரியாக வைப்பதால் இரவில் தூக்கமும் நேரத்துக்கு வரும். மாலையில் வேலை முடிந்ததும் இன்னொரு நடை.

அந்த ‘வேலை முடிந்ததும்’ எப்போது என்பதில்தான் பெரிய சிக்கல். இன்னும் ஒரே ஒரு மெயில் என்று உட்கார்ந்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் அது நீளும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். அலுவலகத்தில் 55 மணி நேரம் இருந்தால் நமக்கே உறைத்துவிடும். வீட்டில் அது துண்டு துண்டாகச் சேர்வதால் கணக்கிலேயே வருவதில்லை.

முடிக்கும் நேரத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதாது, மற்றவர்களுக்கும் அது தெரிய வேண்டும். குழுவின் சாட்டில் ‘கிளம்புகிறேன், காலையில் பார்க்கலாம்’ என்று ஒரு வரி போடுங்கள். மறுநாள் முதலில் செய்ய வேண்டியதைக் காகிதத்தில் குறித்துவிட்டு லேப்டாப்பை அலமாரிக்குள் வைத்துவிடுங்கள். மேசை மேல் கிடந்தால் கை தானாகப் போகும். வேலை நேரத்துக்குப் பிறகு ஊழியர்களைத் தொடர்புகொள்வதைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் பிரான்ஸில் 2017 முதலும் போர்ச்சுகலில் 2022 முதலும் இருக்கின்றன. அப்படிச் சட்டம் இல்லாத இடத்தில் மேனேஜரிடம் நீங்களே சொல்லிவிடலாம்: ‘அவசரம் என்றால் போன் செய்யுங்கள், சாட்டில் வருவதைக் காலையில்தான் பார்ப்பேன்.’ போன் செய்யும் அளவுக்கு அவசரமானது எவ்வளவு குறைவு என்பது அப்போது தெரியும்.

சாட்டில் பெயருக்குப் பக்கத்தில், ஆன்லைனில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி அணையாமல் இருக்க மவுஸை ஆட்டிக்கொண்டே சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேலையும் இல்லை, ஓய்வும் இல்லை.

உடம்பு விஷயத்தில் லேப்டாப்பின் வடிவமே கோளாறு. திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினால் கை எட்டாது, கைக்கு ஏற்றபடி வைத்தால் கழுத்து குனியும். தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் வாங்கிக்கொண்டு, லேப்டாப்பைத் தடித்த புத்தகங்கள் மேல் ஏற்றி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். விலை உயர்ந்த நாற்காலியெல்லாம் அதற்கு அப்புறம்தான். திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் எதையாவது 20 நொடி பாருங்கள்.

நாள் முழுக்க மீட்டிங் இருக்கிறது, அப்புறம் என்ன தனிமை என்று நினைப்பது இன்னொரு தவறு. மீட்டிங்கில் தகவல் பரிமாறுகிறோம், அவ்வளவுதான். போதாக்குறைக்குத் திரையில் நம் முகத்தையே மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பதும் களைப்பைக் கூட்டுகிறது என்கிறார் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன். நம் முகம் நமக்குத் தெரியாதபடி மறைத்துக்கொள்ளும் வசதி வீடியோ மீட்டிங் செயலிகளிலேயே உண்டு.

சிட்ரிப் சோதனையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். சோதனை முடிந்து, எது வேண்டும் என்று கேட்டபோது, வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். முக்கியக் காரணம் தனிமை. கூட்டத்தில் உற்சாகம் பெறுகிற ஆளா நீங்கள் என்பது சில மாதம் போன பிறகுதான் பிடிபடும். பிடிபட்டதும் வாரத்தில் சில நாள் அலுவலகம் வரக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதே நிறுவனம் பின்னாளில் வாரம் இரண்டு நாள் மட்டும் வீடு என்ற முறையைச் சோதித்தபோது, செயல்திறன் குறையவில்லை. வேலையை விட்டுப் போகிறவர்கள் எண்ணிக்கையோ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பில்லாத மனநிலையும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் வேலை முறையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் தாமாகவே புரிந்துகொள்வார்கள் என்று எதிர்பார்ப்பதும் பலிக்காது. அவர்கள் கண்ணுக்கு நீங்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள். எந்த நேரம் கூப்பிடலாம், எந்த நேரம் கூடாது என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொண்டே வேலையும் பார்ப்பது என்பது கைக்குழந்தை விஷயத்தில் நடக்காத காரியம். அதை அழகாகச் சமாளிக்கும் வீடுகளில் பெரும்பாலும் இன்னொருவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பார், அநேகமாக ஒரு பெண். இருவரும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் என்றால் யாருக்கு எந்த நேரத்தில் முக்கியமான மீட்டிங் என்பதை முந்தைய இரவே பேசி, குழந்தையின் நேரத்தைப் பிரித்துக்கொள்வதே வழி.