நிலாவெளிக் கரையிலிருந்து புறாமலைக்கு: எண்ணிப் பழக ஒரு மட்டை விளையாட்டு

நாலு வயதுப் பிள்ளைகள் பலர் ஒன்றிலிருந்து பத்து வரை பாட்டுப் போலச் சொல்லிவிடுவார்கள். ஆறு கூடவா எட்டுக் கூடவா என்று கேட்டால் முழிப்பார்கள். வரிசை மனப்பாடம், எந்த எண் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பது இன்னும் பிடிபடவில்லை. அதற்குத்தான் இந்த விளையாட்டு. நிலாவெளிக் கரையிலிருந்து கடலில் இருக்கும் புறாமலைத் தீவுக்குப் பத்துக் கட்டத்தில் வள்ளம் விட வேண்டும்.

கட்டங்கள் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். உளவியல் ஆய்வாளர்களான கீதா ரமணியும் றொபேட் சீக்லரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், முன்பள்ளிப் பிள்ளைகள் 1 முதல் 10 வரையான நேர்கோட்டுப் பலகையில் நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் கால் மணி, இருபது நிமிடம் விளையாடினார்கள். எண்களை ஒப்பிடும் திறன் தெளிவாகக் கூடியது. எண் இல்லாமல் நிறம் மட்டும் தீட்டிய பலகையில் அந்தப் பலன் வரவில்லை. பின்னர் வட்டப் பலகையோடு ஒப்பிட்டபோதும் நேர்கோடே மேல். ஆகவே வளைந்து வளைந்து ஏறும் பாம்பும் ஏணியும் பிறகு வரட்டும்.

பலகைக்கு 58 சென்ரிமீற்றர் நீளம், 12 அகலத்தில் தடித்த பெட்டி மட்டை வேண்டும். மட்டைக்குள் ஓடும் நெளிவுகள் நீளவாக்கில் இருக்கும்படி வெட்டுங்கள்; குறுக்கே ஓடினால் இரண்டு நாளில் கட்டத்துக்குக் கட்டம் மடிந்துவிடும். அவ்வளவு நீள மட்டை கிடைக்காவிட்டால் 33, 25 என்று இரண்டு துண்டாக வெட்டி, இடையில் 2 மில்லிமீற்றர் விட்டு இருபுறமும் ரேப் ஒட்டுங்கள். மூட்டு 5க்கும் 6க்கும் நடுவே விழும், மடித்தும் வைக்கலாம்.

வெள்ளைத் தாளை மட்டையின் இரு பக்கமும் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பசை காயும்போது தாள் இழுத்து மட்டை வளையும். பைண்டர் கம் போதும். மாப்பசை வேண்டாம், மாரியில் கடற்காற்றின் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும், எறும்பும் வரும். இரவு முழுக்கப் புத்தகங்களை மேலே அடுக்கி வையுங்கள்.

இடது ஓரத்தில் 8 சென்ரிமீற்றர் கரை. அதிலிருந்து ஐந்தைந்து சென்ரிமீற்றராகப் பத்துக் கட்டங்கள், பத்தாவதுதான் புறாமலை. கட்டங்கள் சரிசமமாக இருந்தால்தான் எட்டுக்குப் போகும் கை நாலுக்குப் போனதை விட இரண்டு மடங்கு தூரம் போகும். எண்களைப் பெரிதாக மார்க்கரால் எழுதுங்கள். கிறேயொன் தீட்டினால், பிறகு பாதுகாப்புக்கு ரேப் ஒட்ட நினைத்தாலும் மெழுகின் மேல் பிடிக்காது. மீன், திருக்கை எல்லாம் ஓரத்தில் வரையலாம். எண்ணை மறைக்கக் கூடாது. அலங்காரத்துக்குச் சிப்பி ஒட்ட விரும்பினால் புறாமலையிலிருந்து எடுக்காதீர்கள். 2003 முதல் அது தேசியப் பூங்கா.

வள்ளத்துக்குப் பிஸ்கட் பெட்டி மட்டையில் 9க்கு 4.5 சென்ரிமீற்றர் வெட்டி, நடுவில் மடித்துக் கூடாரம் போல நிறுத்துங்கள். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. போத்தல் மூடி, சோகி, மாபிள் சின்னப் பிள்ளைகளின் தொண்டையில் சிக்கும். வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே ஒரு பிள்ளை இருந்தால் பக்கத்திலும் வைக்காதீர்கள்.

தாயக்கட்டை வேண்டாம். ஆறு விழுந்தால் இரண்டு முறையில் ஆட்டம் முடிந்துவிடும். 10 சென்ரிமீற்றர் வட்ட மட்டையைச் சரிபாதியாகப் பிரித்து 1, 2 என்று எழுதுங்கள். நடுவில் பென்சில் நுனியை ஊன்றி, அதில் ஒரு பேப்பர் கிளிப்பை மாட்டிச் சுண்டினால் சுழலும். மட்டை சரிந்திருந்தால் கிளிப் ஒரே பக்கம்தான் நிற்கும். தட்டையான தரையில் வையுங்கள். ஒருவருக்கு ஏழு முறை அளவில் ஆட்டம் முடியும். சலிப்பதற்குள் இன்னொன்று ஆடலாம்.

விளையாட்டின் உயிர் எண்ணும் விதத்தில் இருக்கிறது. வள்ளம் நாலில் நிற்கிறது, இரண்டு விழுந்தது என்றால் பிள்ளை “ஒண்டு, ரெண்டு” என்று நகர்த்தப் பார்க்கும். அப்படி விட்டால் கட்டத்திலுள்ள எண்ணைப் பார்க்கவே தேவையில்லாமல் போகும். கட்டத்தைத் தொட்டுக் காட்டுங்கள்: “நாலில நிக்கிறாய் மகள். இனி அஞ்சு, ஆறு.” எண் தெரியாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள், பிள்ளை திருப்பிச் சொல்லி நகர்த்தட்டும். பிழை என்று அதட்ட வேண்டியதில்லை.

நிற்கும் கட்டத்தையே மறுபடி எண்ணுவது இன்னொரு வழமையான தடுமாற்றம். வள்ளத்தைத் தேய்த்துக்கொண்டு போகாமல் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். வைக்கும்போதுதான் எண்ணைச் சொல்ல வேண்டும். ஒன்பதில் நிற்கையில் இரண்டு விழுந்தால் புறாமலை சேர்ந்ததாகவே எடுங்கள்.

இது பழகியபின் இடையில் நிறுத்திக் கேளுங்கள்: “ஏழில நிக்கிறாய், புறாமலைக்கு இன்னும் எத்தனை?” அதற்கும் பதில் வரத் தொடங்கினால் 11 முதல் 20 வரை இதே கட்ட அளவில், கரை இல்லாமல் இன்னொரு மட்டை செய்து வலப்பக்கத்தில் சேருங்கள். சுழலுக்குப் பதில் மூன்று புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் வெள்ளை தெரியச் சீமெந்தில் தேய்த்துப் போடலாம். விழும் வெள்ளைகளை எண்ணி நகர வேண்டும். ஒரு வெள்ளையும் விழாதபோது வள்ளம் நின்ற இடத்திலேயே நிற்கும், பூச்சியமும் அப்படியே பழக்கமாகிவிடும்.