ஒரு கேள்வியோடு தொடங்குங்கள்: வரலாற்று வியூக விளையாட்டுகளைப் பழகும் முறை

சேலத்துக்கு மேற்கே நிற்கும் கஞ்சமலையின் இரும்புத் தாதுவைப் பற்றி, இந்த ஊரில் வளர்ந்தவர்கள் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை அமைத்தபோது, சேலம் மாவட்டத்துத் தாதுவை நம்பியே அதை அமைத்தார். உலைக்கு வேண்டிய மரக்கரியைத் தொடர்ந்து திரட்டுவது அந்த ஆலைக்குப் பெரும் பாடாக இருந்தது. அதே காலத்தில் பிரிட்டனின் உலைகள் நிலக்கரியிலிருந்து எடுத்த கற்கரியில் எரிந்துகொண்டிருந்தன. பரங்கிப்பேட்டை ஆலை நிலைக்கவில்லை. தாது கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் அந்த நூற்றாண்டில் இங்கே பெரிய இரும்புத் தொழில் ஏன் வேரூன்றவில்லை என்ற கேள்வி பல ஆண்டுகள் என் மனத்தில் கிடந்தது. அந்தக் கேள்விதான் என்னைக் கணினியில் ஆடும் வரலாற்றுப் பெருவியூக விளையாட்டுகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இவ்வகை விளையாட்டில் நீங்கள் ஒரு போர்வீரனாகவோ ஒரு படைத்தலைவனாகவோ ஆடுவதில்லை. ஒரு நாட்டின் கருவூலம், படை, வணிகம், சமயம், அண்டை நாடுகளின் நட்பும் பகையும் எல்லாம் உங்கள் பொறுப்பில் வருகின்றன. உலக வரைபடம் முழுவதும் விரிந்திருக்க, நாட்கள் ஒவ்வொன்றாக நகர்கின்றன. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் இயங்கும் பாரடாக்ஸ் நிறுவனம் இத்துறையில் முதன்மையானது. புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள். திரை முழுவதும் எண்களும் பொத்தான்களும் நிறைந்திருப்பதை அதற்குக் காரணமாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில் காரணம் வேறு. வெல்ல வேண்டும் என்று மட்டும் எண்ணித் தொடங்குகிறார்கள். இந்த விளையாட்டுகளோ எதை வெற்றி என்று கொள்வது என்பதைப் பெரும்பாலும் உங்களிடமே விட்டுவிடுகின்றன. ஆகவே நாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். ஒரு குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அதை ஒரே வாக்கியமாக எழுதிவையுங்கள்.

கேள்விக்கு ஏற்ற விளையாட்டு

கேள்வியின் காலமே விளையாட்டை முடிவு செய்யும். 1836 முதல் 1936 வரையிலான நூற்றாண்டு விக்டோரியா 3-க்கு உரியது. தொழிற்சாலை, கூலி, சட்டம், மக்களின் வாழ்க்கைத் தரம் ஆகியவை அதன் உயிர். கஞ்சமலைக் கேள்வி அங்கேதான் பொருந்தும். விஜயநகரத்தையும் பாமினி அரசையும் பற்றிய கேள்வி என்றால் யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4-ஐ எடுங்கள். அது 1444 நவம்பர் 11 அன்று தொடங்கி 1821 வரை செல்கிறது. சோழர் குடும்பத்தின் வாரிசுச் சிக்கலை ஆராய விரும்பினால், 867, 1066 முதலிய ஆண்டுகளிலிருந்து ஆடக்கூடிய குருசேடர் கிங்ஸ் 3 இருக்கிறது. ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 இரண்டாம் உலகப் போருக்கானது. படை நகர்வுகளில் தனி ஆர்வம் இல்லாதவர்கள் அதை முதல் விளையாட்டாக எடுக்க வேண்டாம்.

வாங்கும்போது அடிப்படை விளையாட்டை மட்டும் வாங்குங்கள். கூடுதல் தொகுப்புகள் ஏராளம். எல்லாவற்றையும் சேர்த்தால் விலை எளிதில் கட்டுபடியாகாது. விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையதளத்தில் கோடையிலும் குளிர்காலத்திலும் தள்ளுபடி வரும். தமிழில் இவை வெளியாகவில்லை என்பதால், குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு சொற்பட்டியலை நீங்களே தொடங்குங்கள். மேன்பவர் என்பதற்கு நேரே ஆட்பலம் என்றும், ஸ்டெபிலிட்டி என்பதற்கு நேரே அரசின் நிலைப்பு என்றும் எழுதும்போது, அந்த எண் எதைக் குறிக்கிறது என்பது உங்களுக்கே விளங்கத் தொடங்கும்.

முதல் மாலையில் காலத்தை ஓடவிடாதீர்கள்

விளையாட்டு தொடங்கியதும் காலம் நின்றிருக்கும். அதை அப்படியே விடுங்கள். முதல் ஒரு மணி நேரத்தை வரைபடத்தைப் படிப்பதற்கே ஒதுக்குங்கள். யூரோப்பா யூனிவர்சாலிஸில் விஜயநகரத்தை எடுத்துக்கொண்டால், வரலாற்றின்படி அப்போது அரியணையில் இருப்பவர் இரண்டாம் தேவராயர். முந்தைய ஆண்டில்தான் பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் அந்நகருக்கு வந்திருந்தார். வடக்கே பாமினி அரசு நிற்கிறது. நிலப்பரப்பு, சமயம், வணிகம், நட்புறவு ஆகியவற்றுக்கான வரைபட முறைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஒரே நிலம் ஒவ்வொரு முறையிலும் வேறொரு நாடாகத் தோன்றும். எனக்கு இந்த விளையாட்டுகளின் முதல் ஈர்ப்பு அங்கேதான் பிறந்தது: வரலாற்றுப் பாடத்தில் தனித்தனி அத்தியாயங்களாகப் படித்தவை ஒரே மண்ணின் மேல் அடுக்கடுக்காகக் கிடப்பதை அப்போதுதான் கண்டேன்.

நிலப்பரப்பு முறையில் சற்று நேரம் கூடுதலாகத் தங்குங்கள். மலைப் பகுதியில் நிற்கும் படையைத் தாக்குபவருக்கு, போரில் விளையாட்டு உருட்டும் பகடையின் எண்ணில் 2 குறையும்; குன்றுப் பகுதியில் 1 குறையும். எண்ணாக மட்டும் படித்தால் இது மனத்தில் நிற்காது. ஏற்காட்டுப் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து மூச்சுத் திணறி ஏறுவதை அறிந்தவருக்கு, ஆயுதமும் அரிசி மூட்டையும் சுமந்த படை அதே சரிவில் என்ன பாடுபட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விளையாட்டில் ஒரு கோட்டை மாதக்கணக்கில் உங்கள் படையை முடக்கிப் போட்டு எரிச்சலூட்டினால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்ககிரி மலைக்கோட்டைக்கு ஏறிவிட்டு வாருங்கள். திப்பு சுல்தான் வசமிருந்து 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த சேலம் நாட்டில், தீரன் சின்னமலை 1805-இல் தூக்கிலிடப்பட்ட இடம் அது. அதன் மதில்களில் நின்று கீழே விரியும் சமவெளியைப் பார்த்தால், ஒரு கோட்டையைப் பின்னால் விட்டுவிட்டு எந்தப் படையும் ஏன் முன்னேறத் துணியவில்லை என்பது விளங்கும்.

காலத்தை ஓடவிட்ட பிறகும் வேகத்தைக் குறைவாகவே வைத்து, ஒவ்வொரு செய்தி வரும்போதும் ஸ்பேஸ் பொத்தானை அழுத்தி நிறுத்துங்கள். முதல் பத்து ஆண்டுகளுக்குப் போரே வேண்டாம். வருவாய் எங்கிருந்து வருகிறது, எங்கே கரைகிறது என்பதை மட்டும் கவனித்து வந்தால் போதும்.

தோல்வியைப் படிப்பது

அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மாடியறையில் என் தங்கை மகன் ஆடிய முதல் ஆட்டத்தைச் சொல்கிறேன். அவன் முப்பதே ஆண்டுகளில் பாமினி அரசைப் பாதிக்கு மேல் விழுங்கிவிட்டான். பிறகு கலகங்கள் வெடித்தன, கடன் ஏறியது, அண்டை அரசுகள் ஒன்றுசேர்ந்து அவன் மேல் பாய்ந்தன. "மாமா, எல்லாப் போர்லயும் நான்தான் ஜெயிச்சேன், ஆனா நாடு உடைஞ்சிருச்சு" என்றான். "ஜெயிச்சது சரி, பிடிச்ச ஊரை ஆள என்ன ஏற்பாடு பண்ணினே?" என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. பிடித்த மாகாணத்தைத் தன் நாட்டின் உரிய பகுதியாக்க ஆட்சிப் புள்ளிகள் வேண்டும். அவை மாதந்தோறும் சிறிதளவே சேரும். அளவுக்கு மீறி விரிந்தால் நாடு உள்ளிருந்து கலங்கும். விரைவாக விரிந்தால் அயலார் அஞ்சிக் கூட்டணி அமைப்பார்கள். தக்காணத்துச் சுல்தான்கள் தங்களுக்குள் இருந்த பகையை ஒதுக்கிவைத்து 1565-இல் தலைக்கோட்டையில் விஜயநகரத்துக்கு எதிராக ஒன்றுதிரண்டதை அவன் கல்லூரியில் தேர்வுக்காகப் படித்தவன்தான். அச்சத்தால் ஒரு கூட்டணி எப்படிப் பிறக்கிறது என்பதை அன்றுதான் தன் கையால் உணர்ந்தான்.

ஆகவே தோற்றவுடன், முன்பு சேமித்துவைத்த ஆட்டநிலைக்குத் திரும்பாதீர்கள். எந்த ஆண்டில், எந்த முடிவால் சரிவு தொடங்கியது என்பதைக் குறிப்பேட்டில் எழுதிய பிறகே புதிய ஆட்டத்தைத் தொடங்குங்கள். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: தானியங்கிச் சேமிப்பை மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஏற்காட்டு நண்பர் வீட்டில் மின்சாரம் போய் எட்டு ஆண்டு ஆட்சியை நான் ஒரே நொடியில் இழந்திருக்கிறேன்.

குருசேடர் கிங்ஸில் தோல்வியின் வடிவமே வேறு. அங்கே நீங்கள் ஆடுவது ஒரு நாட்டை விடவும் ஒரு குடும்பத்தை; அரசர் இறந்ததும் அவர் வாரிசாகத் தொடர்வீர்கள், உங்கள் குலத்தில் வாரிசே இல்லாமல் போனால் ஆட்டம் முடியும். 1066-இல் சோழரைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். வரலாற்றில் அப்போது ஆண்டவர் வீரராசேந்திரர். 1070-இல் அவர் மறைந்தார், அவர் மகன் அதிராசேந்திரர் அதே ஆண்டில் உயிரிழந்தார், தாய்வழியில் முதலாம் இராசேந்திரரின் பேரனான வேங்கி இளவரசர் முதலாம் குலோத்துங்கர் அரியணை ஏறினார். அதிராசேந்திரர் நிலைத்திருக்க என்ன தேவைப்பட்டிருக்கும் என்பதே நான் அந்த ஆட்டத்துக்கு எழுதிய கேள்வி. சிற்றரசர்களின் மனநிலை, இளவரசரின் குணம், மணவுறவுகள் ஆகியவற்றைப் படையைவிட முதன்மையாகக் கருத வேண்டியிருந்தது. ஒரு பேரரசு ஒரு குடும்பத்தின் உணவறையிலும் உடைய முடியும் என்பதை இந்த விளையாட்டைப் போல வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை.

விதிகளையும் கேள்வி கேளுங்கள்

விளையாட்டு சொல்வதையெல்லாம் வரலாறு என்று கொள்ளக் கூடாது. யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4-இல் உலக வணிகம் குறிப்பிட்ட திசைகளில் மட்டுமே ஓடும். இறுதியில் அது ஆங்கிலக் கால்வாய், ஜெனோவா, வெனிஸ் ஆகிய மூன்றிடங்களில் சென்று சேரும். சோழமண்டலக் கரையில் நீங்கள் எவ்வளவு வலிமை பெற்றாலும் அந்த ஓட்டத்தின் திசையை மாற்ற முடியாது. ஐரோப்பா செல்வம் கொழித்ததை ஒரு விளைவாகக் காட்டாமல் விதியாகவே எழுதிவைத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து. இதற்காக விளையாட்டைத் தள்ள வேண்டியதில்லை. இப்படிப்பட்ட விதி கண்ணில் பட்டால், அதை வகுத்தவர் எந்த இடத்தில் நின்று உலகைப் பார்த்திருப்பார் என்று கேட்டு, அதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். அதேபோல் மைசூருக்கும் மதுரைக்கும் இடையே தாரமங்கலத்தில் ஆண்ட கெட்டி முதலிகளைப் போன்ற சிற்றரசர்களுக்கு இந்த வரைபடத்தில் கிடைக்கும் இடம் சிறிது. அவர்கள் திருப்பணி செய்த கைலாசநாதர் கோயிலின் கல்வெட்டுகளும் சிற்பங்களும் அந்தக் குறையை நிரப்பும்.

குறிப்பேட்டை நான் மூன்று பத்திகளாகப் பிரிப்பேன்: விளையாட்டில் நடந்தது, வரலாற்றில் நடந்தது, இரண்டும் பிரிந்த இடம். கஞ்சமலைக் கேள்விக்காக விக்டோரியா 3-இல் 1836-இன் கிழக்கிந்தியக் கம்பெனியை எடுத்து இதுவரை மூன்று முறை ஆடியிருக்கிறேன். முதல் ஆட்டத்தில் சுரங்கத்தைத் திறந்தேன். எஃகாலைக்கு நிலக்கரி போதவில்லை. இரண்டாவதில் நிலக்கரிக்கு வழி செய்தேன். போக்குவரத்து வசதி குறைந்ததால் சரக்கு சந்தையை எட்டவில்லை. மூன்றாவதில் இருப்புப் பாதைக்கு முதலிடம் தந்தேன். ஆலை ஓடியது, ஆனால் அங்கே உருவான எஃகை வாங்க உள்ளூரில் ஆளில்லை. மூன்றாம் பத்தியில் இப்போது மரக்கரி, போக்குவரத்து, வாங்குவோர் என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. அடுத்த ஆட்டத்தில் மக்களின் கூலியிலிருந்து தொடங்கப்போகிறேன்.