மலை ஊர் ஃபிளாட்டில் இடம் பெரிதாக: முதலில் ஈரம், பிறகு வெளிச்சம், அப்புறம்தான் அலங்காரம்

சென்னைக்கும் கோவைக்கும் சொல்லப்படும் வீட்டு அலங்கார யோசனைகளை ஊட்டியிலோ கொடைக்கானலிலோ அப்படியே செய்தால் பாதி பலிக்காது. கீழே வெயிலைத் தடுக்க வேண்டும், இங்கே வெயிலை உள்ளே வரவழைக்க வேண்டும். கீழே பீரோவைச் சுவரோடு ஒட்டி வைத்தால் இடம் மிச்சம். இங்கே வெளிச்சுவரோடு ஒட்டி வைத்தால் ஒரே மழைக்காலத்தில் அதன் முதுகில் கறுப்புப் பூஞ்சை ஏறிவிடும். 450 சதுர அடி வீடு குறுகித் தெரிவதற்குப் பாதிக் காரணம் மூடிய ஜன்னல், கனத்த திரை, அறைக்குள் காயாத துணி, மூலையில் கம்பளிக் குவியல். அதனால் சோபாவை நகர்த்துமுன் சுவரைப் பாருங்கள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

ஓர் அடிக்கு ஓர் அடி தடித்த பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு இடைவெளியில்லாமல் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது: வெளிப்பூச்சில் விரிசல், மாடித் தளத்தில் கசிவு, அல்லது பின்னால் மண் அணைந்து நிற்கும் சரிவு. மலைச்சரிவை வெட்டிக் கட்டிய கட்டடங்களில் தரைத்தள வீடுகளின் பின்சுவருக்கு இந்தத் தொல்லை அதிகம். உள்ளே என்ன பூசினாலும் உரிந்து விழும், வெளியே சரிசெய்துதான் ஆக வேண்டும். தாளின் அறைப் பக்கம் நனைந்திருந்தால் அது நாம் விடும் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த பரப்பில் பட்டுப் படியும் நீர். இதைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. மலையில் மூடுபனி பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் ஏறி வரும். காலை 10 மணியிலிருந்து 12 மணிக்குள் எதிரெதிர் ஜன்னல்களைக் கால் மணி நேரம் திறந்து வைத்து, பனி இறங்குமுன் மூடிவிடுங்கள். பூஞ்சை படர்ந்த இடத்தில் வெள்ளை வினிகரைத் தண்ணீர் சேர்க்காமல் தடவி, ஒரு மணி நேரம் கழித்து ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். வினிகரோடு பிளீச்சைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். பூஞ்சையின் மேலேயே பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே வட்டம் வெளியே வரும்.

பெயின்ட்: மாசியில், நல்ல வெயில் நாளில்

தண்ணீர் கலந்த எமல்ஷன் 10 டிகிரிக்குக் கீழே சரியாகப் படலம் கட்டாது. டப்பாவில் இரண்டு கோட்டுக்கு (பூச்சுக்கு) நடுவே நான்கு மணி நேரம் என்று போட்டிருந்தாலும் இங்கே ஓர் இரவு விடுவதே பாதுகாப்பு. பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் வரை நல்ல காலம்: உறைபனி ஓய்ந்திருக்கும், மழை தொடங்கியிருக்காது. பட்டி, அதாவது பெயின்ட்டுக்கு முன் சுவரைச் சமமாக்கப் பூசும் மாவு, ஈரமாக இருக்கும்போதே பெயின்ட் அடிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. விரலால் தேய்த்தால் மாவாக வருகிற பட்டியைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

பத்துக்குப் பத்து அறை, ஒன்பதரை அடி உயரம் என்றால் கதவு ஜன்னல் போக ஏறத்தாழ 340 சதுர அடிச் சுவர். இரண்டு கோட்டுக்கு 3 லிட்டர் போதும், சீலிங்குக்குத் தனியாக ஒரு லிட்டர். சீலிங்குக்கு மட்டும் தூய வெள்ளை. சுவருக்கு அதே வெள்ளையை அடித்தால் பனி நாளின் சாம்பல் வெளிச்சத்தில் நீலம் பாய்ந்து ஆஸ்பத்திரி வார்டு போல ஆகிவிடும். ஒரு சொட்டு மஞ்சள் கலந்த வெண்மை, மோர் நிறம் என்று சொல்லலாம், அந்த வெளிச்சத்தைச் சூடாக்கிக் காட்டும். கதவு நிலை, அலமாரிக் கதவு, சுவரின் அடிப்பட்டை எல்லாவற்றுக்கும் அதே நிறம் கொடுங்கள். சிறிய அறையில் கண் எத்தனை இடத்தில் கோடு முறிந்து நிற்கிறதோ அத்தனை துண்டாக அறை தெரியும்.

ஜன்னல்

மலை வீட்டில் உண்மையான சதுர அடி ஜன்னலில்தான் இருக்கிறது. நீலகிரியிலும் பழனி மலையிலும் மார்கழி நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 55 டிகிரி உயரத்தில் நிற்கும். தெற்கு ஜன்னலின் மேல் விளிம்பு 7 அடியில் இருந்தால் வெயில் தரையில் 5 அடி தூரம் வரை வரும். ஒன்றரை அடி சன்ஷேட் இருந்தால் அது மூன்று அடி சொச்சமாகக் குறையும். அந்த வெயில் விழும் தரையில் எதையும் வைக்காதீர்கள். குளிர்காலத்தில் வீட்டார் தானாக வந்து உட்காரும் இடம் அதுதான். கிழக்கு ஜன்னல் இருந்தால் படிக்கும் மேசையும் நாற்காலியும் அங்கே, ஏனென்றால் பனி மூடாத வெளிச்சம் காலையில்தான் உறுதி.

திரைக் கம்பியை ஜன்னலின் இரு பக்கமும் 8 முதல் 10 அங்குலம் நீட்டி, சீலிங்கிலிருந்து 4 அங்குலம் கீழே பொருத்துங்கள். விலக்கினால் திரை சுவரின் மேல் ஒதுங்கி நிற்கும், கண்ணாடி முழுதும் திறக்கும். இரட்டைக் கம்பி போட்டுப் பகலுக்கு மெல்லிய பருத்தி, இரவுக் குளிருக்குக் கனத்த துணி. திரையின் அடி தரையிலிருந்து ஓர் அங்குலம் மேலே நிற்கட்டும், தரையைத் தொட்டால் ஈரம் ஏறும். இன்னொன்று: ஊட்டி உயரத்தில் கொசு மிகக் குறைவு. கொசு வலையைக் கழற்றிவிட்டுக் குரங்குக்காக ஓர் அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் கம்பிவலை மட்டும் வைத்தாலே அறை வெளிச்சமாகிவிடும். குன்னூர் போன்ற இடங்களில் அந்த மெஷ்ஷை எடுத்துவிட நினைக்க வேண்டாம்.

முகம் பார்க்கும் கண்ணாடியை ஜன்னலுக்கு நேர் எதிரிலோ, ஜன்னலை ஒட்டிய பக்கச் சுவரிலோ மாட்டலாம். ஆனால் அது உள்சுவராக இருக்க வேண்டும். வெளிச்சுவரில் மாட்டினால் பின்பூச்சு ஈரத்தில் கறுத்துப் புள்ளி விழும். 2 அடிக்கு 4 அடி ஒற்றைக் கண்ணாடி, பின்னால் அரை அங்குலம் காற்று போக இடம், விளிம்புகளுக்கு சிலிகான். சிறிய கண்ணாடிகளைக் கூட்டமாக மாட்டுவது இடத்தைச் சிதறடிக்கும்.

பீரோ, கட்டில், பரண்

வெளிச்சுவரிலிருந்து எல்லாச் சாமானும் 3 அங்குலம் தள்ளி நிற்கட்டும். பீரோவுக்கு உள்சுவர்தான் இடம், அதிலும் கதவுக்குப் பின்னால் வரும் மூலை உத்தமம். ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தால் பக்கவாட்டு வெளிச்சத்தை அது விழுங்கும். சோபா, கட்டில், டிவி மேசை எல்லாம் 6 அங்குலக் கால்களோடு இருக்கட்டும். அடியில் தரை தெரிந்தால் அறை நீளும், காற்றும் ஓடும். புதிதாகச் செய்வதானால் ஐஎஸ் 710 முத்திரை உள்ள, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டைக் கேளுங்கள். அமுக்கிய மரத்தூள் பலகை இந்த ஈரத்தில் ஊதிப்போகும்.

ஊட்டியில் பல வீடுகளில் சீலிங் ஃபேன் கிடையாது. மேலே இறக்கை சுற்றாததால் அந்த உயரத்தைச் சாமானுக்குப் பயன்படுத்தலாம், கீழ்நாட்டு வீடுகளுக்கு இல்லாத வசதி இது. உள்சுவர் நெடுக, 7 அடி உயரத்தில் 2 அடி ஆழத்துக்குப் பரண் கட்டினால் பத்தடிச் சுவரில் 50 கன அடி கிடைக்கும். கம்பளி, ரஜாய், பெட்டி எல்லாம் அங்கே போய்விடும். கதவுகளில் காற்றுத் துளை விடச் சொல்லுங்கள். கம்பளியை நல்ல வெயிலில் ஒரு பகல் காயவைத்த பிறகே உள்ளே ஏற்றுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பெட்டியில் மூடினால் நாற்றம் பிடித்துவிடும்.

தரைக்குச் சுவருக்குச் சுவர் கார்ப்பெட் வேண்டாம், மழையில் அது பஞ்சு போல ஈரம் குடிக்கும். மலையிறங்கினால் கிடைக்கும் பவானி ஜமுக்காளம் இதற்குப் பொருத்தம்: உதறலாம், துவைக்கலாம், வெயிலில் போடலாம். கோடுகள் அறையின் நீளவாக்கில் ஓடும்படி விரித்து, சுற்றிலும் ஓரடி தரை தெரிய விடுங்கள். சுவருக்கு ஒரே ஒரு பொருள் போதும். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும் ஓடும் தோடர் பூத்தையல் ஒன்று, நல்ல வெளிச்சம் படும் உள்சுவரில் தனியாகத் தொங்கினால் அதன் அழகு தெரியும், சுவரும் காலியாகத் தெரியும்.

விளக்கு, துணி, கணப்பு

நடுச் சீலிங்கில் ஒரே டியூப்லைட் மூலைகளை இருட்டாக்கி அறையைச் சுருக்கும். பத்துக்குப் பத்து அறைக்கு 9 வாட் எல்இடி மூன்று: ஒன்று மேலே, இரண்டு எதிரெதிர் மூலைகளில் சுவரை நோக்கி. 6500 கெல்வின் என்று போட்ட வெள்ளை விளக்கு இங்கே குளிரைக் கூட்டிக் காட்டும், 3000 முதல் 4000 வரை வாங்குங்கள்.

ஒரு தடவை துவைத்த துணி உலர 2 லிட்டர் அளவுக்குத் தண்ணீரைக் காற்றில் விடுகிறது. ஹாலின் குறுக்கே கட்டிய கொடி கண்ணுக்கும் சுவருக்கும் ஒருசேரக் கெடுதல். குளியலறையிலோ பால்கனியிலோ கப்பி வைத்து மேலே ஏற்றும் கொடியைப் பொருத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடுங்கள்.

ஹீட்டரைச் சுற்றி எல்லாப் பக்கமும் 3 அடி காலியாக இருக்க வேண்டும், சாமான்களை அடுக்கும்போதே அந்த இடத்தை ஒதுக்கிவிடுங்கள். கரிக் கணப்பை மட்டும் எந்தக் குளிரிலும் அறைக்குள் கொண்டுவராதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுக்கும். அறை எவ்வளவு சிறியதோ அவ்வளவு சீக்கிரம்.