கல்லின் அடர்த்தியை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்
உயர்நிலை ஒன்றில் படிக்கும் பிள்ளைக்கு அடர்த்தி புரியவில்லையா? சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அடுப்படியே போதும். அடர்த்தி என்பது நிறையைக் கன அளவால் வகுத்தால் வருவது, அவ்வளவுதான்.

பூந்தொட்டியில் கிடக்கும் கருங்கல் ஒன்றை எடுத்துக் கழுவித் துடைத்து, சமையல் தராசில் வையுங்கள். 53 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் அளவுக்குவளையில் 50 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றி, கல்லை நூலில் கட்டி மெதுவாக இறக்குங்கள். போட்டால் தண்ணீர் தெறிக்கும், கணக்கு கெடும். குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிட்டு, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்து, நீர்ப்பரப்பு வளைந்திருக்கும் இடத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். பிள்ளைகள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். 70 காட்டினால், முதலில் இருந்த 50-ஐக் கழித்தால் கல்லின் கன அளவு 20 மில்லிலிட்டர், அதாவது 20 கன சென்டிமீட்டர். 53-ஐ 20-ஆல் வகுத்தால், ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம். சிங்கப்பூரின் புலாவ் ஊபின் தீவில் ஒரு காலத்தில் வெட்டியெடுத்த கிரானைட்டும் ஏறக்குறைய இதே அடர்த்திதான்!

மிதக்கும் பொருளா? மெல்லிய ஊசியால் முழுதும் அமுக்கி அளக்கவும். நிறை வேண்டுமென்றால் அடர்த்தியைக் கன அளவால் பெருக்குங்கள், கன அளவு வேண்டுமென்றால் நிறையை அடர்த்தியால் வகுங்கள். விடையோடு அலகையும் எழுதச் சொல்லுங்கள்.