பெரியவர்களிடம் சினிமாக் கொட்டகை நினைவுகளைக் கேட்டு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“அந்தக் காலத்தில் என்னென்ன படம் பார்த்தீர்கள்?” என்று பேச்சைத் தொடங்குவதே பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. அதற்குக் கிடைப்பது படப்பெயர்களின் வரிசைதான். அந்த வரிசை நூலகத்திலேயே கிடைக்கும். படத்துக்குப் போக யாரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது, காசு யார் முந்தானையிலிருந்து வந்தது, மாட்டுவண்டியில் யார் ஏறினார்கள், வீட்டுக்குக் காவலாக யார் நின்றார்கள் என்பவற்றை அவர்களைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது. ஆகவே வீட்டு வாசலிலிருந்து கேட்கத் தொடங்குங்கள். படத்தின் பெயர் தானாக வந்து சேரும்.

படம் வெளியான ஆண்டையே அவர்கள் பார்த்த ஆண்டாகக் குறித்துவிடுவது இன்னும் பெரிய தவறு. 1952 தீபாவளிக்கு மதுரை தங்கம் தியேட்டரில் ‘பராசக்தி’ பார்த்தவருக்கு அந்த ஆண்டு பொருந்தும். ஆனால் ஊர் ஊராக இடம் மாறும் கீற்றுக் கொட்டகையான கிராமத்து டூரிங் டாக்கீஸுக்குப் படங்கள் பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, கீறல் விழுந்த பிரதிகளாகத்தான் வந்தன. பேர்பெற்ற படங்கள் திரும்பத் திரும்ப ஓடின. ஆண்டைக் கேட்பதை விட்டு, கல்யாணத்துக்கு முன்பா பின்பா, எந்தக் குழந்தை கையில் இருந்தது, தெருவுக்குக் கரண்ட் வந்திருந்ததா என்று கேட்பதே பயன் தரும். கும்பகோணம் பக்கத்துக் குடும்பமானால் 1956, 1968, 1980 மகாமகங்களும், ராமேஸ்வரம் பக்கமானால் 1964 டிசம்பர் புயலும் உறுதியான அடையாளங்கள்.

டிக்கெட் விலையை வைத்து அவசரமாகக் காலம் கணிப்பதும் கூடாது. 1957 ஏப்ரல் 1 அன்று அணாவுக்குப் பதிலாக நயா பைசா வந்த பிறகும் 25 காசை நாலணா என்றும் 50 காசை எட்டணா என்றும் மக்கள் பல பத்தாண்டுகள் சொல்லிவந்தார்கள். கையில் கொண்டுபோன நாணயம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். நடுவில் துளையிட்ட ஓட்டைக் காலணாவையோ சதுர வடிவ இரண்டணாவையோ ஒருவர் விரலால் வரைந்து காட்டினால், அது வாய்வழக்கைவிட நம்பத்தக்க சான்று.

திரையில் பார்த்தவர்களை மட்டுமே தேடிப்போவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. கீற்றுக் கொட்டகையின் ஒலி இரவில் ஊர் முழுக்கக் கேட்டது. என் அத்தை ஒருவர், கைக்குழந்தை அழுததால் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, படல் ஓரமாக நின்றபடியே மீதிக் கதையைக் கேட்டு முடித்ததாகச் சொன்னார்; ரீல் மாற்றப் படம் நின்றபோதெல்லாம், உள்ளே போய் என்ன நடந்தது என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விசாரித்துத் திரும்பியிருக்கிறார். “பார்த்தீர்களா?” என்று மட்டும் கேட்டிருந்தால் அவர் “இல்லை” என்று சொல்லி நிறுத்தியிருப்பார். இதன் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும்: கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கியில் வசன இசைத்தட்டும் வானொலியில் படத்தின் ஒலியை மட்டும் சுருக்கித் தந்த ஒலிச்சித்திரமும் கேட்டு மனப்பாடமான காட்சிகள், நாளடைவில் கண்ணால் பார்த்தவையாகவே நினைவில் பதிந்துவிடுகின்றன.

நடிகர் பெயரையோ கதையையோ அவர்கள் மாற்றிச் சொன்னால், உடனே செல்போனில் தேடித் திருத்தாதீர்கள். ஒருமுறை திருத்தப்பட்டவர் அடுத்த பதிலை அளந்துதான் பேசுவார். சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு, சரியான தகவலைத் தனிக் குறிப்பாகச் சேர்த்தால் போதும்.

பாட்டியிடம் கேட்கும் கேள்விக்குத் தாத்தா பதில் சொல்லும் வீடுகள் நிறைய உண்டு. இருவரையும் தனித்தனியே உட்காரவைத்துக் கேட்பது அவசியம். தரை டிக்கெட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து மணலைக் குவித்துப் படம் பார்த்தார்கள் என்ற இனிமையான சித்திரத்தையும் கேள்வி கேட்காமல் ஏற்கக் கூடாது. எந்தத் தெருக்காரர்கள் எங்கே உட்கார்ந்தார்கள், யார் வரவே இல்லை, ஏன் வரவில்லை என்று நேரடியாகவே கேட்க வேண்டும். பதில் கசப்பாக இருந்தாலும் அதை விட்டுவிடும் உரிமை எழுதுபவருக்குக் கிடையாது.

பதிவு செய்யும்போது டிவியை அணைத்துவிடுங்கள், மின்விசிறிக்கு நேர் கீழே செல்போனை வைக்காதீர்கள். பேசியவர், ஊர், தேதி, உடனிருந்தவர்கள் ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். குடும்பத்துக்கு வெளியே யாருக்கும் அனுப்புவதற்கு முன், பேசியவரிடம் அதைப் போட்டுக் காட்டிச் சம்மதம் பெறுங்கள்.