பேரிடருக்குப் பின் புலம்பல் செபம் நடத்துவது எப்படி

புலம்பல் செபம் என்பது துயரத்தையும் முறையீட்டையும் மறைக்காமல் கடவுளிடமே சொல்லும் செபம். 2004 டிசம்பர் 26 சுனாமியையும் 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலையும் பார்த்த குமரிக் கடற்கரை ஊர்களின் அன்பியங்களை, அதாவது பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் சிறு குழுக்களை, மனத்தில் வைத்து எழுதியது இது. வெள்ளத்திலோ நிலச்சரிவிலோ ஆளை இழந்த ஊருக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதல் வாரம் செபக்கூட்டம் வேண்டாம். விவிலியத்தில் 1 அரசர் 19-இல், போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று இறைவாக்கினர் எலியா படுத்துவிடுகிறார். வானதூதர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுக்கிறார், தூங்க விடுகிறார், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறார். கடவுள் பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆகவே கஞ்சி, குடிநீர், பாய், இரவில் துணைக்கு ஓர் ஆள்: முதலில் இவை. பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபுவின் நண்பர்களும் 7 நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியதும் கெட்டது.

பிறகு 6 முதல் 8 பேர், ஒரு வீட்டில், 40 நிமிடம். கோவில் வேண்டாம், அங்கே பலருக்கு வாய் திறக்காது. ஒலிபெருக்கியும் வேண்டாம். திருப்பாடல் 13 போதும், மொத்தமே 6 வசனம். ஒருவர் மெதுவாக இரண்டு முறை வாசிக்கட்டும். முதல் இரண்டு வசனம் முறையீடு: எவ்வளவு காலம் என்னை மறந்திருப்பீர்? இங்கே நிறுத்தி, அவரவர் முறையீட்டை ஒரே வரியில் கடவுளிடமே சொல்லச் சொல்லுங்கள். "எங்க அண்ணனை ஏன் கரை சேர்க்கல?" என்றாலும் அது செபம்தான், திருத்தாதீர்கள். 15 நிமிடமாவது இதற்குத் தேவை. அடுத்த இரண்டு வசனம் வேண்டுதல். கடைசி இரண்டும் நம்பிக்கை. அங்கே போக முடியாதவரை இழுக்காதீர்கள். அவருக்குத் திருப்பாடல் 88 இருக்கிறது. அது இருளிலேயே முடிகிறது, அதையும் திருச்சபை செபமாகவே வைத்திருக்கிறது.

இரண்டாவது கூட்டத்துக்கு மாற்கு 4:35-41, படகில் இயேசு புயலை அடக்கும் பகுதி. படகில் இருந்தவர்களில் மீனவர்களும் உண்டு; சாகப்போகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்று அவர்கள் கேட்டதைக் கடற்கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் உடனே "அவர் காற்றை அடக்கினார்" என்று தாவினால், "எங்க படகில் ஏன் அடக்கல?" என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் தெரியாது என்றே சொல்லுங்கள்.

கூட்டம் கெடுவது பெரும்பாலும் இரண்டு பேச்சால். ஒன்று, ஊர் செய்த பாவத்துக்குத் தண்டனை என்பது. லூக்கா 13:4-இல் சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் இல்லை என்று இயேசுவே சொல்லிவிட்டார். அதை வாசித்து அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். இன்னொன்று, பிழைத்தவர் சொல்லும் சாட்சி. "மாதா என்னைக் காப்பாற்றினாள்" என்பது அவருக்கு உண்மை, பக்கத்தில் கணவனை இழந்தவளுக்குக் கத்தி. நன்றிச் செபத்தை வேறொரு நாளில் வையுங்கள்.

உடல் கிடைக்காத வீட்டில் யாரும் அவசரப்பட்டு "இறந்தவர்" என்று சொல்லக்கூடாது. குடும்பம் அந்தச் சொல்லைச் சொல்லும்வரை பெயரைச் சொல்லி மட்டும் செபியுங்கள். அவர்கள் தயாரானதும் உடல் இல்லாமலேயே அடக்கத் திருப்பலி வைக்க வழி உண்டு, பங்குத்தந்தையிடம் கேளுங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றக் கல்லறை இருக்காது. கல்லறைத் தோட்டத்தில் பெயர் பொறித்த ஒரு கல்லாவது வைக்க ஊர்க் கமிட்டியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

நிவாரண அரிசியையும் செபக்கூட்டத்தையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வைக்காதீர்கள். வந்தால்தான் கிடைக்கும் என்ற எண்ணம் ஒருமுறை விழுந்தால், அதன்பின் யாரும் மனதில் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள். பிற மதத்துப் பக்கத்து வீட்டாருக்கும் அதே பங்கு, செபம் கேட்டால் மட்டும் செபம்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் செபம் மட்டும் போதாது, மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். சாகலாம் என்ற பேச்சு வந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். ஆளைத் தனியாக விடாமல், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணையோ, 104 என்ற மருத்துவ உதவி எண்ணையோ அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.